8 மாதத்துக்கு மேல் ஒரு நாள்: பிரீமியம் முழுவதும் போச்சா?

கார் இன்சூரன்சு பாலிசியை பாதியில் ரத்து செய்யப் போகிறவர்களிடம் ஒரு பழைய கணக்கு பேசப்படுகிறது. அதைக் கேட்டு தலையாட்டி விட்டு வீட்டுக்கு வந்து விடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

அந்தக் கணக்கு என்ன?

ஒரு வருட பாலிசி. பிரீமியம் ரூ.12 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம் (வரியை விட்டு விடுவோம்). எடுத்த ஒரு மாதத்துக்குள் வேண்டாம் என்றால் 100-க்கு 20 கம்பெனிக்கு. 2 மாதம் என்றால் 30. 3 மாதம் என்றால் 40. இப்படி மாதத்துக்கு 10 ஏறிக்கொண்டே போய் 8-வது மாதத்தில் 90-ல் வந்து நிற்கும்.

8 மாதம் முடிந்து ஒரு நாள் ஆகி விட்டால்? அவ்வளவுதான். முழுப் பணமும் அம்பேல்!

இன்னும் கிட்டத்தட்ட 4 மாதம் பாக்கி இருக்கிறதே, அதற்கு உண்டான சுமார் 4 ஆயிரம் ரூபாய் எங்கே? கார் நம்மிடம் இல்லை. பாலிசியும் இல்லை. நாளைக்கு எது நடந்தாலும் கம்பெனி ஒரு பைசா தரப்போவதில்லை. அப்படியானால் எதற்காக அந்தப் பணம்?

எங்கிருந்து வந்தது?

இதற்கு 'ஷார்ட் பீரியட் ஸ்கேல்' என்று பெயர். 2002-ம் ஆண்டு மோட்டார் டாரிப் புத்தகத்தில் இருக்கிறது. அதிலேயே இன்னொரு கூத்தும் உண்டு. கம்பெனியே பாலிசியை ரத்து செய்தால், மிச்ச நாளுக்கு உண்டானதைக் கணக்கு பார்த்து திருப்பித் தர வேண்டும். பணம் கட்டியவன் ரத்து செய்தால் மட்டும் இந்த 20, 30, 40!

ஒரே பாலிசி. ஒரே கார். கையெழுத்து யாருடையது என்பதைப் பொறுத்து இரண்டு தராசு.

2007-ம் ஆண்டு ஜனவரி முதல் காரின் சொந்த சேதத்துக்கான பிரீமியத்தை கம்பெனிகளே நிர்ணயம் செய்துகொள்ளலாம் என்று ஆனது. விலை விஷயத்தில் சுதந்திரம் கிடைத்ததே தவிர, பாலிசிக்குப் பின்னால் பொடி எழுத்தில் அச்சடித்த நிபந்தனைகள் அப்படியே இருந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் படிக்க முடியாத எழுத்து. அதைப் படித்து விட்டு கையெழுத்துப் போட்டவர் யாராவது உண்டா?

புது உத்தரவு

இப்போது நிலைமை வேறு. ஐதராபாத்தில் இருக்கும் இன்சூரன்சு ஒழுங்குமுறை ஆணையம் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) 2024-ம் ஆண்டு ஜூன் 11-ந்தேதி பொது இன்சூரன்சு கம்பெனிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அதில் இருப்பது இதுதான்:

தனிநபர் ஒருவர் தன் பாலிசியை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். காரணம் சொல்லத் தேவை இல்லை. ஒரு வருடமோ அதற்குக் குறைவாகவோ உள்ள பாலிசியாக இருந்து, அதில் கிளைம் எதுவும் வாங்காமல் இருந்தால், பாக்கி நாட்களுக்கு உண்டான பிரீமியத்தை கம்பெனி திருப்பித் தர வேண்டும். விகிதப்படி! அதாவது பாதி வருடம் பாக்கி என்றால் பாதிப் பணம்.

கம்பெனி தானாக ரத்து செய்ய வேண்டுமானால் மோசடி நிரூபணம் ஆகி இருக்க வேண்டும். அதற்கும் 7 நாள் நோட்டீசு.

இதில் புரியாத வார்த்தை ஏதாவது இருக்கிறதா? இல்லை. ஆனாலும் கவுண்டருக்குப் போனால் பழைய பாட்டுதான்.

கவுண்டரில் நடந்தது

நமக்குத் தெரிந்த பெரம்பூர் மளிகைக் கடைக்காரர் ஒருவர் காரை விற்றார். வாங்கியவர் ஒழுங்கான மனுசன். ஆர்.சி. புத்தகத்தை தன் பேருக்கு மாற்றிக்கொண்டு, தனியாக வேறு பாலிசியும் எடுத்து விட்டார். நம்மவர் தன் பழைய பாலிசியை ரத்து செய்யப் போனார். 6 மாதம் முடிகிற சமயம். கட்டியது ரூ.12 ஆயிரம்.

"6 மாசம் ஓடிடுச்சு சார். எழுபது பர்சென்ட் போயிடும். 3,600 வரும்."

"ஏம்மா, அரை வருசம்தானே ஆச்சு? பாதிதானே போகணும்?"

"சிஸ்டம் அப்படித்தான் சார் காட்டுது."

சிஸ்டத்தை எதிர்த்துப் பேச முடியுமா? வந்தவரைக்கும் லாபம் என்று கையெழுத்துப் போட்டு விட்டு வந்து விட்டார். வர வேண்டியது 6 ஆயிரம். வந்தது 3,600. போனது 2,400.

தன் கடையில் ஒரு கிலோ பருப்பில் 10 ரூபாய் குறைத்துக் கொடு என்று கேட்டால் அரை மணி நேரம் வாதாடுகிற மனுசன் இவர்! கம்ப்யூட்டரைக் காட்டியதும் வாயடைத்துப் போனார். ஏன் விட்டீர்கள் என்று கேட்டோம். "ரூல்னு சொல்லிட்டாங்க. அப்புறம் என்னத்த பேசறது தம்பி" என்கிறார்.

ரூல் அவர் பக்கம் இருந்தது. அது அவருக்குத் தெரியாது. கவுண்டரில் இருந்த பெண்ணைக் குறை சொல்லி பிரயோசனம் இல்லை. அவருக்கும் யாரும் சொல்லி இருக்க மாட்டார்கள். அந்த சிஸ்டத்தில் கணக்கை மாற்றி எழுத வேண்டியது மேலே ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பவர்கள்.

கம்பெனி சொல்வது

கம்பெனி பக்கத்திலும் ஒரு பேச்சு இருக்கிறது. பாலிசி போடுகிற அன்றே ஏஜெண்டு கமிஷன், ஆபீசு செலவு எல்லாம் ஆகி விடுகிறது. பாதியில் போனால் நஷ்டம் என்கிறார்கள். இன்னொன்றும் சொல்வார்கள். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வந்த வெள்ளத்தில் கார்கள் முழுகிப்போனதைப் பார்த்தோம். மழைக்கு முன்னால் பாலிசி எடுத்து, மழை விட்டதும் ரத்து செய்து விட்டுப் போனால் யார் தலையில் விழும்?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 100-க்கு 70 பிடிக்கிற அளவுக்கு அது செலவா? எந்தக் கம்பெனியாவது அந்த 2,400 ரூபாய் எந்தெந்த வகையில் செலவு ஆனது என்று ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தது உண்டா? கிளைம் வாங்கியவருக்கு பணம் திருப்பித் தர வேண்டியது இல்லை என்று புது உத்தரவே கம்பெனிக்குப் பாதுகாப்பு கொடுக்கிறது. அது போதாதா?

இதையெல்லாம் ஆணையம் யோசிக்காமலா சுற்றறிக்கை போட்டிருக்கும்!

அவசரப்படாதீர்கள்

ஒரு விஷயத்தில் மட்டும் கம்பெனி சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். 'காருக்கு வேறு பாலிசி இருக்கிறதா, காட்டுங்கள். இல்லை, காரை உடைத்து ஆர்.சி.யை ரத்து செய்து விட்டீர்களா, அதைக் காட்டுங்கள்' என்று கேட்பார்கள். இது வம்பு அல்ல. ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்சு இருந்தே தீர வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 146-வது பிரிவு. இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 3 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டுமே.

காரை விற்ற கையோடு, ஆர்.சி. மாறுவதற்கு முன்பே பாலிசியை ரத்து செய்கிற அவசரக்காரர்கள் இருக்கிறார்கள். 2 ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றப் போய் வீட்டையே அடகு வைக்கிற வேலை அது!

2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொன்ன வழக்கைப் பாருங்கள். ஒருவர் 2007-ல் காரை விற்று விட்டார். அது கை மாறி கை மாறிப் போனது. 2009-ல் விபத்து. ஆர்.சி. புத்தகத்தில் இருந்தது முதலில் விற்றவர் பெயரே. நான்தான் விற்று விட்டேனே என்றார். எடுபடவில்லை. யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே சொந்தக்காரர், அவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பு ஆனது.

பாலிசி உயிரோடு இருந்தால் அந்த நஷ்ட ஈட்டை கம்பெனி கட்டும். ரத்து செய்திருந்தால் நாம்தான் கட்ட வேண்டும். அதனால் முதலில் ஆர்.சி. மாறட்டும். வாங்கியவர் தன் பாலிசியைக் காட்டட்டும். அதன் நகலை வைத்து ரத்துக்கு எழுதுங்கள். வாங்கியவர் பழைய பாலிசியையே தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள விரும்பினால், 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுத வேண்டும். அப்போது ரத்து என்ற பேச்சே இல்லை.

புது கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 செப்டம்பர் 1-ந்தேதி முதல் புது காருக்கு மூன்றாம் நபர் பாலிசியை 3 வருடத்துக்குச் சேர்த்து எடுக்க வேண்டும். விபத்து சாவுகளைக் குறைக்க கோவை எலும்பு முறிவு டாக்டர் எஸ்.ராஜசேகரன் போட்ட வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது அது. இந்த நீண்ட கால பாலிசியில், இன்னும் ஆரம்பிக்காத வருடங்களுக்கு உண்டான பிரீமியத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அதே 2024 சுற்றறிக்கை சொல்கிறது. 2 வருடப் பணம் என்பது சின்னத் தொகை அல்ல. கேட்காமல் விட்டு விடாதீர்கள்.

அதோடு, விபத்தே இல்லாமல் ஓட்டிச் சேர்த்த 'நோ கிளைம் போனஸ்' 50 சதவீதம் வரை போகும். அது காருக்குச் சொந்தம் அல்ல, உங்களுக்குச் சொந்தம். ரத்து செய்யும்போதே அதற்கு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். 3 வருடம் வரை அடுத்த காருக்குச் செல்லும். பலர் இதை காரோடு சேர்த்து தாரை வார்த்து விடுகிறார்கள்.

எங்கே கேட்பது?

முதலில் வாய்ப்பேச்சு வேண்டாம். 'எந்த விதிப்படி இவ்வளவு பிடித்தீர்கள், கணக்கை எழுதிக் கொடுங்கள்' என்று கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு கடிதம். அதில் 2024 ஜூன் 11 சுற்றறிக்கையைக் குறிப்பிடுங்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை பத்திரமாக வையுங்கள். ஏஜெண்டு தனியாக 'சர்வீஸ் சார்ஜ்' கேட்டால் கம்பெனி ரசீது கேளுங்கள். ரசீது வராது, சார்ஜும் கேட்க மாட்டார்.

ஆணையத்திடம் நேராகவும் புகார் சொல்லலாம். போன் எண் 155255. காசு இல்லை.

ஒரு மாதத்தில் பதில் வரவில்லை அல்லது வந்த பதில் சரி இல்லை என்றால் இன்சூரன்சு குறைதீர்ப்பாளர் (ஆம்புட்ஸ்மேன்) இருக்கிறார். சென்னை ஆபீசு தேனாம்பேட்டை அண்ணா சாலையில் பாத்திமா அக்தர் கோர்ட் கட்டிடத்தில் 4-வது மாடி. தமிழ்நாடு முழுவதற்கும் அதுதான். பீசு கிடையாது. வக்கீலும் தேவை இல்லை. கம்பெனி பதில் கொடுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

இதற்குக் கூட ஓட வைப்பது கம்பெனிகளுக்கு அழகு அல்ல. ரத்து கேட்டு வருகிறவரிடம், எத்தனை நாள் ஓடியது, எத்தனை நாள் பாக்கி, எவ்வளவு திரும்பும் என்று தமிழில் ஒரு சீட்டு கொடுக்க என்ன கஷ்டம்? கூட்டல் கழித்தல் கணக்குதானே! ஆணையம் அந்தச் சீட்டை கட்டாயம் ஆக்க வேண்டும். கவுண்டருக்கு மேலே அந்த ஜூன் 11 உத்தரவை பெரிய எழுத்தில் ஒட்டி வைக்கவும் சொல்ல வேண்டும்.

பெரம்பூர் மளிகைக் கடைக்காரர்கள் மாதிரி கையெழுத்துப் போட்டு விட்டு வந்தவர்கள் இந்த ஊரில் எத்தனை பேரோ. பாலிசி நகல், கட்டிய ரசீது, பேங்க் பாசு புத்தகத்தில் வந்த தொகை, இந்த மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். பாக்கி நாளை 365-ஆல் வகுத்து, கட்டிய பிரீமியத்தால் பெருக்குங்கள். வந்தது குறைவாக இருந்தால் கடிதத்தை இன்றைக்கே எழுதலாம்.