எந்தப் பக்கம்? எந்தத் தொழில்?



ஐதராபாத்தில் குடியேறியிருக்கும் நம்முடைய குடும்பங்களில் “எனக்கு சைனஸ் இருக்கிறது” என்று சொல்லுகிறவர்கள் அநேகர். புழுதியும் வாகனப் புகையும் மிகுந்த நகரம் இது. மூக்கடைப்பும் தலைபாரமும் வந்தால் மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்குகிறோம். இரவில் ஆவி பிடிக்கிறோம். பெரும்பாலும் அதுவே போதுமானதாகவும் இருக்கிறது. ஆனால் அதே அறிகுறிகளோடு வேறொரு வியாதியும் வருவதுண்டு. அதுதான் சைனஸ் புற்றுநோய். புற்றுநோய் உள்ளவர்கள் நூறு பேரை எடுத்துக்கொண்டால் ஒருவருக்குக்கூட இது இருப்பதில்லை, அவ்வளவு அபூர்வம். எனினும் பலருக்கு முற்றிய நிலையிலேயே கண்டுபிடிக்கப்படுவதால் இதைக் குறித்து அறிந்திருப்பது அவசியம்.

சைனஸ் என்பது உண்மையில் வியாதியின் பெயரன்று. நம் முக எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளின் பெயரே அது. கன்னங்களுக்குள் ஒரு ஜோடி, நெற்றியில் ஒரு ஜோடி, இரு கண்களுக்கும் நடுவே ஒரு ஜோடி, மூக்கின் பின்புறம் ஆழத்தில் ஒரு ஜோடி என நான்கு ஜோடி அறைகள் உண்டு. அவற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்விலேயே இப்புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குகிறது. கன்னத்து அறையில்தான் அதிகம். அறை வெற்றிடமாக இருப்பதால் கட்டி வளர இடம் கிடைக்கிறது. எலும்பை அரித்துக் கண்ணையோ பல்லையோ அண்ணத்தையோ தொடும்வரை வலி தெரியாமல் இருந்துவிடலாம்.

இது எதனால் வருகிறது? ஒரு முக்கியமான காரணம் இங்கிலாந்தில் தெரியவந்தது. ஹை விக்கம் என்ற ஊர் நாற்காலி செய்வதற்குப் பேர்பெற்றது. அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவராகப் பணியாற்றிய எஸ்மி ஹாட்ஃபீல்டு அம்மையார், மூக்கில் புற்றுநோயோடு வருகிறவர்களில் மரச்சாமான் தொழிலாளர் அளவுக்கு மீறி இருப்பதைக் கவனித்தார். அவரும் சக மருத்துவர்களும் 1968இல் வெளியிட்ட ஆய்வு அதை உறுதிப்படுத்தியது. மரத்தை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் எழும் நுண்ணிய தூள் ஆண்டாண்டுகளாக மூக்கினுள் படிவதே காரணம். 1970இல் நார்தாம்டன்ஷயர் காலணித் தொழிலாளரிடத்திலும் இதே வியாதி மிகுதியாய் இருப்பது காட்டப்பட்டது. அங்கே காரணம் தோல் தூள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை 1995இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியது. தோல் தூளும் அதே வகையில் சேர்க்கப்பட்டுள்ளது. நிக்கல் சுத்திகரிப்பு ஆலை வேலையும், புகைபிடித்தலும் மற்றக் காரணங்கள்.

இது தூரதேசத்துச் செய்தியன்று. நம்முடைய ஜனங்களில் தச்சு வேலைக்காக இந்நகரத்துக்கு வந்தவர்கள் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளில் இளமையைக் கழித்துவிட்டுப் பிள்ளைகளோடு இங்கே வந்து தங்கியிருக்கும் பெற்றோரும் உண்டு. தூளைச் சுவாசித்தபின் இருபது, முப்பது ஆண்டுகளோ அதற்கும் மேலோ கழித்தே இவ்வியாதி வரக்கூடும். ஆகையால் தொழிலை விட்டுவிட்டவர்களும் கவனமாயிருக்க வேண்டும். மருத்துவரிடம் போகும்போது, அவர் கேளாவிட்டாலும், “நான் இத்தனை வருஷம் மரவேலை செய்தவன்” என்று நீங்களாகவே சொல்லுங்கள்.

அறிகுறிகளுக்கு வருவோம். சாதாரணச் சளியும் ஒவ்வாமையும் பெரும்பாலும் இரு நாசியையும் பாதிக்கும், வரும், போகும். புற்றுநோயோ பெரும்பாலும் ஒரே பக்கத்தில் தொடங்கும். நாளுக்கு நாள் அதிகரிக்கும். ஒரு நாசி மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருத்தல், அதே நாசியில் இரத்தம் கலந்த சளி, ஒரு கன்னத்தில் வீக்கம் அல்லது மரத்துப்போதல், மேல்வரிசைப் பல் காரணமின்றி ஆடுதல், கட்டுப்பல் திடீரெனப் பொருந்தாமற்போதல், ஒரு கண் நீர் வடிதல் அல்லது பிதுங்குதல், காட்சி இரண்டாய்த் தெரிதல் ஆகியவற்றை அசட்டை செய்யக்கூடாது. மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணிலோ கன்னத்திலோ மாற்றம் தெரிந்தால் அந்த மூன்று வாரமும் காத்திருக்க வேண்டாம்.

2021இல் கருப்புப் பூஞ்சை பரவியபோது, கோட்டியிலுள்ள அரசு காது மூக்கு தொண்டை மருத்துவமனை அந்நோய்க்கான முதன்மை மையமாக்கப்பட்டதை நினைவுகூருவீர்கள். முகம் ஒரு பக்கம் வீங்குவதற்கு அப்போது எல்லோரும் பயந்தோம். அது பூஞ்சை, சில நாட்களில் தாக்குவது. புற்றுநோய் மாதக்கணக்கில் மெதுவாய் வளர்வது. இரண்டும் அதே காற்றறைகளைத் தாக்குவதால் அறிகுறிகள் ஒத்திருக்கின்றன. மெதுவாய் வருவதற்கு நாம் பயப்படுவதில்லை என்பதே ஆபத்து.

மருத்துவர் எண்டாஸ்கோப்பி குழாயினால் மூக்கினுள் பார்ப்பார், ஸ்கேன் எடுப்பார், சந்தேகமிருந்தால் சிறிது சதை எடுத்து பயாப்சி பரிசோதனைக்கு அனுப்புவார். “கத்தி பட்டால் பரவிவிடும்” என்று பயந்து பயாப்சியை மறுக்கிறவர்கள் உண்டு. அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை; பயாப்சி இல்லாமல் சிகிச்சையைத் தீர்மானிக்கவும் முடியாது. ஆரம்ப நிலையில் சிலருக்கு அறுவை சிகிச்சை மட்டுமே போதுமானது. சிலருக்கு முகத்தைக் கீறாமல் மூக்கின் வழியாகவே கட்டியை அகற்றுகிறார்கள். முற்றினால் கதிர்வீச்சும் மருந்தும் சேர்ந்து தேவைப்படும். கண்ணையே இழக்கவும் நேரிடலாம்.

“டிசம்பரில் ஊருக்குப் போகும்போது வேலூரில் காட்டிக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போடுவது நம்மவர்களின் வழக்கம். அந்த மாதங்களைக் கட்டிக்குக் கொடுத்துவிடாதீர்கள். கோட்டி மருத்துவமனையும், ரெட் ஹில்ஸிலுள்ள எம்.என்.ஜே. அரசுப் புற்றுநோய் மருத்துவமனையும் இந்நகரத்திலேயே இருக்கின்றன. தெலங்கானாவின் ஆரோக்யஸ்ரீ திட்டத்தின் வரம்பு 2023 டிசம்பரில் பத்து லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. உங்கள் ரேஷன் கார்டு ஊர் முகவரியில் இருந்தால், என்ன உதவி கிடைக்கும் என்று மருத்துவமனையின் ஆரோக்யமித்ரா மேசையில் முதலாவது விசாரியுங்கள்.

சபை மூப்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மூக்கடைப்புக்காக ஜெபிக்கும்படி வருகிறவரிடம் எந்தப் பக்கம், எத்தனை நாள், என்ன தொழில் செய்தார் என்றும் கேளுங்கள். ஜெபியுங்கள், ஜெபித்தபின் மருத்துவமனைக்கு அவரோடு கூடச் செல்லுங்கள். சுவிசேஷம் எழுதிய லூக்கா ஒரு வைத்தியன் என்பதை மறவாதிருங்கள். இவ்வியாதி தொற்றாது, வியாதிப்பட்டவரின் பாவத்தைத் தேடிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

இன்றும் உப்புத்தாள் தேய்க்கும் சகோதரர்களே, கைக்குட்டை நுண்ணிய தூளைத் தடுக்காது. கொரோனா காலத்தில் அணிந்த என்-95 முகக்கவசத்தை வேலையிலும் அணியுங்கள். தூளை உலர்ந்தபடி பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். புகையிலையை விட்டுவிடுங்கள். மற்றவர்களும் இந்த வாரமே உங்கள் தகப்பனாரிடமும் மாமனாரிடமும் அவர்கள் வாலிபத்தில் என்ன வேலை செய்தார்கள் என்று கேட்டு, மூக்கையும் கன்னத்தையும் குறித்து விசாரித்துக்கொள்ளுங்கள்.