உடையைப் பார்த்து எழுதிய தீர்ப்பு

ஒரு கண்ணை மறைத்து விழும் கறுத்த முடி, இமையோரம் அடர்ந்த மை, காலை இறுக்கிப் பிடிக்கும் ஜீன்ஸ், காதில் எந்நேரமும் சோகப் பாட்டு. 'எமோ' என்றதும் பலருக்கு நினைவில் வருவது இந்த உருவம்தான். இதோடு ஒரு குற்றச்சாட்டும் ஒட்டிக்கொண்டே வருகிறது. இந்த இசை பிள்ளைகளைச் சாவின் பக்கம் இழுக்கிறது, இதைக் கேட்பவர்கள் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்கிறார்கள், இவர்கள் இசை ரசிகர்கள் அல்ல, ஒரு ரகசிய வழிபாட்டுக் கும்பல் என்பதே அது. பிரிட்டன் நாளிதழ்கள் இதை எழுதின. ரஷ்யாவில் பேச்சு நாடாளுமன்றம் வரை போனது. மெக்சிகோவில் தெருவில் வைத்து அடித்தார்கள். ஈராக்கில் உயிர்களையே பறித்தார்கள். இத்தனைக்கும் காரணமான அந்தக் குற்றச்சாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தால், தேறுவது மிகக் குறைவு.

முதலில் அந்த உருவத்தையே எடுத்துக்கொள்வோம். எமோ கறுப்பு உடையோடு பிறந்ததல்ல. 1980களின் நடுவில், அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், பங்க் இசையின் வேகமும் ஆவேசமும் கூடிய கிளையான ஹார்ட்கோருக்குள் இருந்து அது வந்தது. அந்நாட்களில் அங்கே கச்சேரி என்றாலே அடிதடி என்றாகியிருந்தது. மேடைக்கு முன்னால் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளும் கூட்டத்தில் மூக்கு உடைவதும் பல் போவதும் சாதாரணம். இந்த முரட்டுத்தனம் சலித்துப்போன இளைஞர்கள் வேறு மாதிரியான குழுக்களைத் தொடங்கினார்கள். 1985 கோடைக்குப் 'புரட்சிக் கோடை' என்று அவர்களே பெயரும் வைத்தார்கள். கை பிச்சியோட்டோ பாடிய 'ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்', இயன் மக்காய் பாடிய 'எம்ப்ரேஸ்' ஆகிய இரண்டும் அவற்றில் முக்கியமானவை. மக்காயும் அவருடைய நண்பர் ஜெஃப் நெல்சனும் நடத்திய டிஸ்கார்ட் என்ற சிறு நிறுவனம்தான் இவர்களின் இசைத்தட்டுகளை வெளியிட்டது. மேடையில் நின்றவர்கள் பக்கத்து வீட்டுப் பையன்களைப் போலத்தான் இருந்தார்கள். புதிதாக இருந்தது பாட்டின் உள்ளடக்கம். பெரும்பாலும் அரசையும் போலீஸையும் திட்டிக்கொண்டிருந்த ஓர் இசையில் குற்றவுணர்வும் இழப்பும் நட்பு முறிந்த வலியும் உரத்து ஒலித்தன.

'எமோகோர்' என்ற பெயரை இவர்கள் விரும்பவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மக்காய் அதை மேடையிலேயே மறுத்துப் பேசினார். பெயர் வெளியிலிருந்து ஒட்டப்பட்டது. அன்று தொடங்கிய மறுப்பை அடுத்த இருபது ஆண்டுகளில் எமோ என்று அழைக்கப்பட்ட குழுக்களில் பலவும் தொடர்ந்தன.

எமோ என்றால் தன் சோகத்துக்குள்ளேயே சுருண்டு கிடப்பவர்கள் என்கிறார்கள். அதே 1985 கோடையில் இந்த வாஷிங்டன் இளைஞர்கள் என்ன செய்தார்கள்? நிறவெறி ஆட்சிக்கு எதிராகத் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் கூடி, கையில் கிடைத்ததையெல்லாம் மேளமாக்கித் தட்டிப் போராடினார்கள். 'பாசிட்டிவ் ஃபோர்ஸ்' என்ற அமைப்பு அந்த ஆண்டில்தான் அந்த நகரத்தில் உருவானது. பங்க் கச்சேரிகளை நடத்தி, வீடற்றோருக்கும் பிற சமூகப் பணிகளுக்கும் நிதி திரட்டுவதை அது வேலையாகக் கொண்டது. பிச்சியோட்டோவும் மக்காயும் பின்னால் சேர்ந்து இயங்கிய 'ஃபுகாஸி' குழு, எல்லா வயதினரும் வரலாம், கட்டணம் ஐந்து டாலர் அளவில்தான் என்ற கொள்கையை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றியது. உள்ளுக்குள் அழத் தெரிந்தவனுக்கு வெளியே இருக்கிற உலகம் கண்ணில் படாது என்ற கணக்கு, இந்த இசை தொடங்கிய இடத்திலேயே தப்பாகிப்போகிறது.

பாட்டைப் பற்றிய பயமும் அதே ஆண்டில், அதே நகரத்தில் உச்சத்துக்குப் போனது. 1985 செப்டம்பர் 19 அன்று அமெரிக்க செனட் குழு ஒன்று, பாடல் வரிகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றனவா என்று விசாரித்தது. அங்கே குறிவைக்கப்பட்டவர்கள் பிரின்ஸ், மடோனா, ஹெவி மெட்டல் குழுக்கள் போன்றோர். ஐந்தாண்டு கழித்து நெவாடா மாநிலத்தில் 'ஜூடாஸ் ப்ரீஸ்ட்' குழுவின் மீது, அதன் பாட்டு இரண்டு இளைஞர்களைத் தற்கொலைக்குத் தூண்டியது என்று வழக்கு நடந்தது. நீதிபதி அதை ஏற்கவில்லை. எமோவின் மீது பழி விழுந்தபோது அது புதிய பழி அல்ல. ஏற்கெனவே ஒரு முறை நீதிமன்றத்தில் நிற்காமல் போன பழி, வேறு உடை உடுத்தி வந்தது.

1990களில் எமோ அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தது. சிகாகோ, கான்சஸ், விஸ்கான்சின் பக்கத்துக் கல்லூரி விடுதிகளிலும் வீட்டு நிலவறைகளிலும் கச்சேரிகள் நடந்தன. சட்டகம் தடித்த மூக்குக்கண்ணாடி, பழைய துணிக்கடையில் வாங்கிய ஸ்வெட்டர் என்பதுதான் அன்றைய எமோ தோற்றம். கண்மை எங்கும் கிடையாது. இந்தக் காலத்தின் மிகச் சிறந்த படைப்புகளில் ஒன்று 'அமெரிக்கன் ஃபுட்பால்' குழு 1999-இல் வெளியிட்ட முதல் ஆல்பம். இல்லினாய் பல்கலைக்கழக மாணவர்கள் செய்தது அது. மாறி மாறி ஓடும் தாளக்கட்டு, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் இரண்டு கிட்டார், இடையே தனியாக ஒலிக்கும் ஒரு ட்ரம்பெட். கத்தல் இல்லை, மிரட்டல் இல்லை. படிப்பு முடிந்து பிரியப்போகிறவர்களின் ஏக்கம் மட்டும் இருக்கிறது. அட்டைப்படத்தில் இருப்பது அர்பானா ஊரில் உள்ள ஒரு சாதாரண வெள்ளை வீட்டின் மேல்தளம். அந்த வீட்டைப் பார்க்க ரசிகர்கள் இன்றும் யாத்திரை போல வருகிறார்கள். 2023-இல் குழுவும் அதன் இசைத்தட்டு நிறுவனமும் வேறு சிலரும் சேர்ந்து, இடிபடாமல் காப்பதற்காக அதை விலைக்கே வாங்கிவிட்டார்கள். மரண வழிபாட்டுக் கும்பலின் புண்ணியத்தலம் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. கல்லூரி நாட்களை நினைவூட்டும் ஒரு வீடு, அவ்வளவுதான்.

கறுப்பு முடியும் கண்மையும் பொதுக்கோலமானது 2000களில். மைஸ்பேஸ் தளத்தில் படம் போடும் பழக்கமும், வணிக வளாகங்களில் இருந்த 'ஹாட் டாபிக்' போன்ற கடைகளும் அதைப் பரப்பின. அந்த அலையில் மேலே வந்த பாட்டுகளும் எல்லாம் இருட்டு அல்ல. 'ஜிம்மி ஈட் வேர்ல்ட்' குழுவின் 'தி மிடில்' 2002-இல் பில்போர்டு பட்டியலின் ஐந்தாம் இடம் வரை ஏறியது. தன்னைச் சேர்த்துக்கொள்ள மறுக்கும் சக வயதினரைப் பற்றி ஒரு சிறுமி எழுதிய மடலுக்குப் பதிலாக, அவளுக்குத் தெம்பு கொடுக்க எழுதப்பட்ட பாட்டு அது.

இனி, குற்றச்சாட்டின் மையத்துக்கு வருவோம். 2007-இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி தற்கொலை செய்துகொண்டாள். அவள் 'மை கெமிக்கல் ரொமான்ஸ்' குழுவின் ரசிகை. ஒரு குடும்பத்தின் தாங்க முடியாத துயரம் அது. அதைப் பற்றிப் பேச நிதானம் தேவைப்பட்டது. ஆனால் 'தற்கொலைக் கும்பல்' என்ற தலைப்புகள்தான் வந்தன. அந்தக் குழுவின் ஆல்பமான 'தி பிளாக் பரேட்', எமோக்கள் செத்தபின் போய்ச் சேர்வதாக நம்பும் இடம் என்றுகூட எழுதப்பட்டது. எழுதியவர் ஆல்பத்தைக் கேட்டிருந்தால் இந்த வரி அச்சேறியிருக்காது.

2006 அக்டோபரில் வந்த அந்த ஆல்பம் ஒரு தொடர்கதை. புற்றுநோயில் படுத்திருக்கும் ஒரு நோயாளி அதன் நாயகன். சாவு ஒருவனிடம் அவனுடைய மிக இனிய நினைவின் வடிவத்தில் வரும் என்பது கதையின் கற்பனை. இவனுடைய நினைவு, சின்ன வயதில் அப்பா கூட்டிப்போய்க் காட்டிய ஓர் அணிவகுப்பு. கறுப்பு அணிவகுப்பு என்பது அதுதான். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை பார்த்த வாத்தியக் குழுவை எமோக்களின் மறுமை உலகமாகத் திரித்துவிட்டார்கள். பட்டியலில் கடைசியாக வரும் பாட்டோ, பயந்து பின்வாங்காமல் தொடர்ந்து வாழ்வேன் என்ற உறுதியோடு முடிகிறது. பாடகர் ஜெரார்ட் வே இந்தக் குழுவைத் தொடங்கிய சூழலும் சேர்த்துப் பார்க்க வேண்டியது. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். வாழ்க்கையை வீணாக்கக் கூடாது என்ற முடிவிலிருந்து பிறந்தது அந்தக் குழு. சிறுமியின் சாவுச் செய்தி பரவியபோது, வன்முறைக்கும் தற்கொலைக்கும் தாங்கள் எப்போதும் எதிரானவர்கள் என்று குழு அறிக்கை வெளியிட்டது. 2008 மே 31 அன்று ரசிகர்கள் லண்டனில், அப்படி எழுதிய 'டெய்லி மெயில்' நாளிதழின் அலுவலகத்தின் முன் கூடினார்கள். இந்த இசைதான் தங்களைக் காப்பாற்றியது என்ற பதாகைகளோடு நின்ற அந்தப் பிள்ளைகளின் சொல்லை அன்று கேட்டவர்கள் குறைவு.

ஆய்வுகள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, அவற்றை மறைக்க வேண்டியதில்லை. எமோவுக்கு எதிராகப் பெரும்பாலும் காட்டப்படுவது, அதன் உறவுக் கிளை போன்ற கோத் இளைஞர்களைப் பற்றி 2006-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஸ்காட்லாந்து ஆய்வு. அதில் கோத் அடையாளம் கொண்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் ஏதோ ஒரு கட்டத்தில் தங்களைக் காயப்படுத்திக்கொண்டதாகச் சொன்னார்கள். பயமுறுத்தும் எண்தான். ஆனால் ஆய்வில் இருந்த 1,258 பேரில் அந்த அடையாளத்தை உறுதியாகச் சொன்னவர்கள் 25 பேர் மட்டுமே. கூட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டதைவிட, ஏற்கெனவே துன்பப்பட்டவர்கள் தங்களைப் போன்றோரைத் தேடி அங்கே சேர்ந்ததற்கே வாய்ப்பு அதிகம் என்பதுதான் ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம். 2015-இல் லான்செட் குழும மனநல இதழில் பிரிஸ்டல் பகுதிப் பிள்ளைகள் 3,694 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு வந்தது. கோத் அடையாளத்துக்கும் பின்னால் வரும் மனச்சோர்வுக்கும் தொடர்பு இருப்பதை அது கண்டது. அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது என்பதை அதன் ஆசிரியர்களே தெளிவாக எழுதினார்கள். இந்த ஆய்வுகள் சொல்வது, இப்படி உடுத்தும் பிள்ளைகளுக்குக் கூடுதல் அக்கறை தேவை என்பதுதான். ஹெட்ஃபோனைப் பிடுங்கச் சொல்லவில்லை.

அக்கறைக்குப் பதிலாக அவர்களுக்குக் கிடைத்தது என்ன என்பதை 2008 மார்ச் காட்டியது. மெக்சிகோவின் கெரேதாரோ நகரச் சதுக்கத்தில் நூற்றுக்கணக்கானோர் திரண்டு எமோ பிள்ளைகளை விரட்டி விரட்டி அடித்தார்கள். சில நாளில் அது தலைநகர் மெக்சிகோ சிட்டிக்கும் பரவியது. ஓர் இசைத் தொலைக்காட்சியின் தொகுப்பாளர் எமோக்களை நிகழ்ச்சியில் இழிவாகப் பேசியது இந்த வெறுப்புக்கு எண்ணெய் ஊற்றியதாகப் பலரும் கண்டித்தார்கள். அடித்தவர்களின் வாயிலிருந்து வந்த வசைகளில் இசையைப் பற்றி அதிகம் இல்லை. பெண்ணைப் போல இருக்கிறாய், ஓரினச் சேர்க்கையாளன் என்பவைதான் இருந்தன. அதே ஆண்டு ரஷ்ய நாடாளுமன்றத்தில், எமோ, கோத் கோலத்தில் வருபவர்களைப் பள்ளிகளுக்குள்ளும் அரசுக் கட்டடங்களுக்குள்ளும் விடக் கூடாது என்ற யோசனை முன்வைக்கப்பட்டது. சைபீரிய நகரமான கிராஸ்னோயார்ஸ்கில் பிள்ளைகள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். அது சட்டமாகவில்லை.

மிகக் கொடியது ஈராக்கில் நடந்தது. 2012 பிப்ரவரியில் அந்நாட்டு உள்துறை அமைச்சகம் எமோவைச் சாத்தான் வழிபாடு என்று சொல்லி அறிக்கை விட்டது. பாக்தாத்தின் சதர் சிட்டி போன்ற பகுதிகளில், முடியை வெட்டு, இல்லாவிட்டால் சாவு என்ற மிரட்டலோடு இளைஞர்களின் பெயர்ப்பட்டியல்கள் ஒட்டப்பட்டன. மூன்று வாரத்தில் குறைந்தது 14 இளைஞர்கள் அடித்துக் கொல்லப்பட்டதாக ராய்ட்டர்ஸ் மார்ச் மாதம் செய்தி தந்தது. ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச், ஆம்னஸ்டி உள்ளிட்ட அமைப்புகள் விசாரணை கேட்டுக் கூட்டாகக் குரல் கொடுத்தன. அமைச்சகமோ அப்படிக் கொலைகளே நடக்கவில்லை என்றது. இந்த இசை ஆட்களைக் கொல்கிறது என்று சொன்னவர்களால் அதை நிறுவ முடியவில்லை. இந்த இசையைக் கேட்பவன் என்று முத்திரை குத்தி ஆட்களைக் கொன்றது மட்டும் நடந்தது.

அப்படியானால் எமோவின் மேல் எந்தக் குறையும் சொல்ல முடியாதா? முடியும். 2003-இல் இசை எழுத்தாளர் ஜெசிகா ஹாப்பர் 'பங்க் பிளானெட்' இதழில் எழுதிய கட்டுரை அதைச் சொன்னது. எமோ பாட்டுகளில் பெண் என்பவள் பிரிந்துபோனவளாக, ஏமாற்றியவளாக, பழி தாங்குகிறவளாக மட்டுமே வருகிறாள், பாடுகிறவளாக, தனக்கென ஒரு மனம் உள்ளவளாக வருவதில்லை என்று அவர் வாதிட்டார். மேடையில் நின்ற ஆண்களில் பலர் மென்மையைப் பாடிக்கொண்டே பெண்களைக் கேவலப்படுத்தினார்கள் என்பது பின்னால் வெளிவந்த புகார்களிலும் தெரிந்தது. இந்தக் குறை உண்மையானது. 'பாராமோர்' குழுவின் ஹேலி வில்லியம்ஸ், தன் பதின்வயதில் எழுதிய 'மிசரி பிசினஸ்' பாட்டில் இன்னொரு பெண்ணை இழிவுபடுத்தும் வரி இருந்ததால், 2018-இல் அதைக் கொஞ்ச காலம் மேடையில் பாடுவதையே நிறுத்தினார். எமோவுக்குத் தேவைப்பட்ட விமர்சனம் இப்படிப்பட்டது. பாட்டைக் கேட்டவர்கள் அதைச் செய்தார்கள். முடியை மட்டும் பார்த்தவர்களால் செய்ய முடியவில்லை.

வயசுக் கோளாறு, தானாகப் போய்விடும் என்ற கடைசி வாதத்துக்கு அதிக இடம் வேண்டாம். 2022-இல் லாஸ் வேகாஸில் 'வென் வி வேர் யங்' விழா அறிவிக்கப்பட்டதும் டிக்கெட்டுகள் விற்றுத் தீர்ந்தன. 2025-இல் மை கெமிக்கல் ரொமான்ஸ் 'தி பிளாக் பரேட்' ஆல்பத்தை அமெரிக்காவின் பெரிய ஸ்டேடியங்களில் முழுமையாக வாசித்தது. கேட்க வந்தவர்களில் பலர் இன்று பிள்ளை பெற்றவர்கள்.

வீட்டில் ஒரு பிள்ளை கறுப்பு உடுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு சோகப் பாட்டு கேட்டால் பாட்டைக் குறை சொல்லாதீர்கள். தூக்கம் கெடுகிறதா, சாப்பாடு குறைகிறதா, நண்பர்களை விட்டு விலகுகிறதா, வாழ்வதில் அர்த்தம் இல்லை என்று பேசுகிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் நேராகக் கேளுங்கள், முழுதும் காது கொடுங்கள். மனநல ஆலோசனைக்கு இந்தியாவில் டெலி மானஸ் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.