பழைய டெஸ்க்டாப்புக்கு பார்ட்ஸ் மாத்தலாமா, புதுசே வாங்கிடலாமா? ரேம் விலையால் மாறிய கணக்கு!

"சிஸ்டம் ஸ்லோவா இருக்கா? ஒரு ரேம் வாங்கிப் போடுங்க." சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பல வருஷமாகக் கேட்ட அறிவுரை இது. இப்போது அந்த ரேமே பர்ஸைப் பதம் பார்க்கிறது.

காரணம் ஏஐ. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள்தான் உலகின் பெரும்பாலான ரேம் சிப்களைத் தயாரிக்கின்றன. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்பதால் உற்பத்தி அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. சாதாரண வாடிக்கையாளர்களுக்கான 'க்ரூஷியல்' விற்பனையிலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது.

இதற்கு நடுவே, விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பொதுவாக 8-ம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். 7-ம் தலைமுறை வைத்திருப்பவர் பிராசஸரை மட்டும் மாற்றினால் போதாதா? அங்கேதான் சிக்கல். சாக்கெட்டில் பின்கள் அதே 1151தான், ஆனாலும் பழைய மதர்போர்டு ஏற்காது. இன்றைய போர்டு வாங்கினால் பெரும்பாலும் டிடிஆர்5 ரேம் கேட்கும். கடைசியில் மிஞ்சுவது கேபினட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும்தான்!

ஏஎம்டி ஏஎம்4 போர்டு வைத்திருப்போர் தப்பித்தார்கள். 2017-ல் வாங்கியதாக இருந்தாலும், பயாஸ் அப்டேட் கிடைத்தால் ரைசன் 5000 வரிசை பிராசஸர் போடலாம். கையிலிருக்கும் டிடிஆர்4 ரேமும் வீணாகாது.

இன்னும் ஹார்ட் டிஸ்க்கில்தான் விண்டோஸ் ஓடுகிறதா? அப்படியென்றால் முதல் செலவு எஸ்எஸ்டிதான். விண்டோஸ் 11 ஏறாத மெஷினில் இலவச லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளலாம்.