பால்கனிக்கு எதிரே ஒட்டகச்சிவிங்கி... டிஸ்னி ஹோட்டலில் ஓர் இரவு, எவ்வளவு செலவாகும்?

மகனோ மகளோ அமெரிக்காவில் இருக்கும் வீடுகளில், பெற்றோர் போய் இறங்கும் முன்பே சுற்றுலாப் பட்டியல் தயாராகிவிடும். நயாகரா, நியூயார்க், வாஷிங்டன், ஆர்லாண்டோ. முதல் மூன்றில் பிரச்னை வராது. ஆர்லாண்டோவில்தான் பஞ்சாயத்து.

பேரப்பிள்ளைகளுக்கு ரைடு வேண்டும். தாத்தாவுக்கு முழங்கால் வலி. பாட்டிக்கு வெயில் ஆகாது. ஒருநாள் டிக்கெட் ஆளுக்கு நூறு டாலருக்கு மேல். அவ்வளவு கொடுத்து உள்ளே போய், நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து பை காக்கும் வேலை பெரியவர்களுக்கு. இதற்கு ஒரு வழி இருக்கிறது. அந்த ஊரிலேயே ஒரு ஹோட்டல், தங்கும் அறையையே வேடிக்கை பார்க்கும் இடமாக மாற்றி வைத்திருக்கிறது.

'டிஸ்னி'ஸ் அனிமல் கிங்டம் லாட்ஜ்'. ஃப்ளோரிடா மாநிலத்தின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 2001 ஏப்ரலில் திறந்தார்கள். கூரை வேய்ந்த ஆப்பிரிக்க விடுதிபோலக் கட்டியவர் பீட்டர் டொமினிக் என்ற கட்டடக்கலைஞர். ஜம்போ ஹவுஸ் முதலில் வந்தது. பக்கத்திலேயே 2009-ல் கிடானி வில்லேஜ். 'ஜம்போ' என்றால் ஸ்வாஹிலியில் வணக்கம். 'கிடானி' என்றால் கழுத்தணி.

கட்டடங்களைச் சுற்றிப் புல்வெளி. அதில் ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, நெருப்புக்கோழி, வில்டபீஸ்ட், நீண்ட கொம்பு வைத்த அங்கோலி மாடுகள் என 30-க்கும் மேற்பட்ட இனங்களில் 200-க்கும் அதிகமான விலங்குகளும் பறவைகளும். பால்கனியில் நின்று பார்த்தால் வேலி கண்ணில் படாது. பள்ளங்கள், பாறைகள், செடிப் புதர்களுக்குள் தடுப்பை மறைத்திருக்கிறார்கள். மேலேயிருந்து தீனி போடுவதற்குக் கண்டிப்பாகத் தடை. சிப்ஸ் பாக்கெட்டோடு பால்கனிக்கு ஓடும் வாண்டுகளை ஒரு கண் பார்த்துக்கொள்ளவும்.

இரவிலும் பொழுது போகும். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் வந்து வேலை பார்க்கும் இளைஞர்கள் இங்கே உண்டு. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து தங்கள் ஊர்க் கதைகளைச் சொல்வார்கள். இருட்டில் விலங்குகளைப் பார்க்க நைட் விஷன் கருவி தரும் வழக்கமும் இருக்கிறது. விலங்கைப் பற்றி அறிவிப்புப் பலகை சொல்வதைவிட, அதன் ஊர்க்காரர் ஒருவர் சொல்லும்போது குழந்தைகள் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்கும்.

சரி, அறை. ஏமாறும் இடம் இதுதான். ஹோட்டல் பெயரைப் பார்த்துவிட்டு மலிவான அறையை புக் செய்தால், ஜன்னலுக்கு வெளியே கார் பார்க்கிங்கோ நீச்சல் குளமோ வரலாம். விலங்கு வேண்டும் என்றால் 'சவன்னா வியூ' என்று குறிப்பிட்டிருக்கும் அறையைத்தான் எடுக்க வேண்டும். வாடகை தேதிக்குத் தேதி மாறும். சவன்னா அறை ஓர் இரவுக்கு 500 டாலருக்குக் கீழே கிடைப்பது அபூர்வம். விடுமுறை சீசனில் அதைவிட எவ்வளவோ மேலே போகும். வரி தனி. ரூபாயில் பெருக்கிப் பார்க்காமல் இருப்பது மனதுக்கு நல்லது.

சலுகைகள் வருவதும் போவதுமாக இருக்கின்றன. விமான நிலையத்திலிருந்து டிஸ்னி ஹோட்டல்களுக்கு ஓடிய இலவச பஸ் 2022 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. அறை எடுத்தவர்களிடமே பார்க்கிங் கட்டணம் வாங்க 2018-ல் ஆரம்பித்து, 2023 ஜனவரியில் அதை விட்டார்கள். பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். 'போமா' ஜம்போ ஹவுஸில் இருக்கும் பஃபே உணவகம். காலையும் இரவும் மட்டும். இரவு விருந்து பெரியவர்களுக்கு ஏறக்குறைய 60 டாலர். 3 முதல் 9 வயதுக்குக் குறைந்த கட்டணம். அதற்கும் கீழே இலவசம். சூப்பும் காய்கறி வகைகளும் தாராளம். ஆனால் ஒரே வரிசையில் இறைச்சியும் அறுத்துப் பரிமாறப்படும். சுத்த சைவக்காரர்களுக்கு அது சங்கடமாக இருக்கலாம். இன்னொன்று, வெள்ளையும் கறுப்புமாகக் கோடு போட்ட 'ஸீப்ரா டோம்' என்ற குட்டி இனிப்பு. இந்த ஹோட்டலின் ஹீரோ அதுதான். ஆனால், டிஸ்னி வெளியிட்ட செய்முறையில் 'அமருலா' என்ற ஆப்பிரிக்க மதுக்கிரீம் சேர்க்கிறார்கள். குழந்தை கையில் எடுக்கும் முன் ஊழியரைக் கேட்டுவிடுவது நல்லது.

நம்மவர்கள் தேடிப் போக வேண்டியது கிடானியில் இருக்கும் 'சானா'. இங்கே பெயர் வாங்கிய ஐட்டம், நான், குல்ச்சா வகையறா. கூடவே சின்னச் சின்னக் கிண்ணங்களில் தொட்டுக்கொள்ள ஒன்பது வகை. மாங்காய்ச் சட்னி, கொத்தமல்லிச் சட்னி, புளிச் சட்னி, வெள்ளரி ராய்த்தா, பூண்டு ஊறுகாய், மிளகாய்ச் சம்பல் என்று போகிறது பட்டியல். விலை இருபது டாலரைத் தாண்டும். ஊறுகாய்க்கா இவ்வளவு என்று பாட்டி கேட்பார். நியாயமான கேள்விதான்! நம் பந்தியில் இலையோரம் சும்மா விழும் சமாச்சாரம். ஆனால் ஒரு தட்டை நாலு பேர் பகிர்ந்துகொள்ளலாம், முழுக்க சைவமாகவே பசியாறலாம் என்று பார்த்தால் டிஸ்னி கணக்கில் அது மோசமில்லை.

ஆப்பிரிக்க ஹோட்டலில் புளிச் சட்னிக்கு என்ன வேலை? கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்கும் இந்தியாவுக்கும் இடையே மிளகும் துணியும் போய்வந்த உறவு பல நூற்றாண்டுப் பழையது. தெற்கே இன்னொரு கதை. 1860 நவம்பர் 16 அன்று, கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. புறப்பட்ட இடம் மதராஸ். அதில் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். இன்றைக்கு டர்பன் கறி என்று உலகம் சொல்லும் சமையலில் அவர்கள் அடுப்பின் வாசனை இருக்கிறது. தாத்தா பேரனுக்குச் சொல்ல, சாப்பாட்டு மேஜையிலேயே ஒரு கதை தயார்.

சானாவின் பெரிய ஜன்னல்களுக்கு வெளியே புல்வெளி. இருட்டிவிட்டால் ஒன்றும் தெரியாது. அதனால் மதியம் அல்லது மாலை வெளிச்சம் இருக்கும்போதே மேஜையைப் பதிவு செய்ய வேண்டும். 60 நாள் முன்பிருந்து பதிவு செய்யலாம். இங்கே அறை எடுக்காதவர்களும் சாப்பிட வரலாம். ஹோட்டல் வாடகைக்கு மனசு வராத குடும்பங்களுக்கு இதுவே போதும். சாப்பிட்டு முடித்து, புல்வெளியைப் பார்க்கும் பொது இடங்களில் நின்று விலங்குகளையும் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

குறை இல்லாமலா? இருக்கிறது. மோனோரயிலும் ஸ்கைலைனர் கேபிள் காரும் இங்கே வராது. பக்கத்தில் இருக்கும் அனிமல் கிங்டம் பார்க்குக்குக்கூட நடந்து போகப் பாதை கிடையாது. எல்லாவற்றுக்கும் பஸ்தான். மேஜிக் கிங்டமே பிரதானம், தினமும் காலையில் கிளம்பி இரவில்தான் திரும்புவோம் என்பவர்கள், சவன்னா அறைக்குப் பணம் கொட்டுவது வீண். ஒட்டகச்சிவிங்கியை யார் பார்ப்பது?

இந்த அறையை எடுப்பதென்றால், பார்க் டிக்கெட் இல்லாத ஒரு நாளை அதற்கென்று ஒதுக்குங்கள். நாலு பேர் டிக்கெட்டில் மிச்சமாகும் நானூறு டாலருக்கு மேற்பட்ட தொகை, வாடகையின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். நான்கைந்து நாள் தங்குபவர்கள், கிடானியில் முழுச் சமையலறையோடு கிடைக்கும் ஒரு படுக்கையறை வீட்டையும் விசாரித்துப் பார்க்கலாம். வாடகை கூடுதல்தான். ஆனால் மூன்றாம் நாள் ரசம் சாதம் கேட்கும் வீட்டில் அந்த அடுப்புக்கு மதிப்பு அதிகம்.

ஜம்போ ஹவுஸ் அறைகளுக்கு செக்-இன் மதியம் 3 மணி. கிடானி வீடுகளுக்கு 4 மணி. செக்-அவுட் காலை 11. முன்பே போய்விட்டால் பெட்டிகளை பெல் சர்வீஸில் ஒப்படைத்துவிட்டு, லாபிக்குப் பின்னால் இருக்கும் மேடைக்குப் போகலாம். அங்கோலி மாடுகளைப் பார்க்க அங்கே தனிக் கட்டணம் எதுவும் இல்லை.