காவல்காரனுக்கு ஏன் பெயரில்லை?

"ஆணை ஆண் நேசிப்பதும் பெண்ணைப் பெண் நேசிப்பதும் மேல்நாட்டு நோய், அதை நாடகமாக்குவது பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு!" இந்தக் கூப்பாடு மடாதிபதிகளின் வாயிலிருந்து மட்டும் வரவில்லை. ஆலை வாசல் டீக்கடை பெஞ்சிலும் கேட்கிறது. தோழர்களே, இதன் யோக்கியதையை உரசிப் பார்ப்போம்.

எது மேல்நாட்டுச் சரக்கு?

மேல்நாட்டிலிருந்து வந்தது நேசம் அல்ல, தண்டனை! 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவுதான் இந்த உறவுக்கு ஆயுள் தண்டனை வரை விதித்தது. 1947-ல் அவன் கப்பலேறினான். அவன் சட்டம் ஏறவில்லை. 2009-ல் தில்லி உயர்நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது. 2013-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி பொருத்தியது. 2018 செப்டம்பர் 6-ம் தேதிதான், வயது வந்தோர் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்று அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் மிரட்டிய அந்த நாட்களிலேயே பேசத் துணிந்தது நாடக மேடை. 1981-ல் விஜய் டெண்டுல்கரின் 'மித்ராச்சி கோஷ்ட' என்ற மராத்தி நாடகம் மேடையேறியது. கல்லூரி மாணவி மித்ரா இன்னொரு பெண்ணை நேசிக்கிறாள். ஊர் ஏசுகிறது, காதலி கைவிடுகிறாள், மித்ரா உயிரை மாய்த்துக்கொள்கிறாள். துணிச்சலான நாடகந்தான், மறுக்கவில்லை. ஆனால் அவள் கதையைச் சொல்பவன் ஒரு நண்பன். அவளுக்குக் கிடைத்த முடிவு சாவு. செத்தால்தான் இரக்கம் என்பது என்ன நியாயம்?

வாசலில் நிற்பவன்

1998-ல் மகேஷ் தத்தானியின் ஆங்கில நாடகம் 'ஆன் எ மக்கி நைட் இன் மும்பை' வந்தது. இதில் அழுது சாகிறவர்கள் இல்லை, வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊருக்காகப் பெண்ணை மணந்து வேஷம் போடும் ஆணின் பொய்யை நாடகம் கிழித்துக் காட்டுகிறது. நல்லது!

ஆனால் முதல் காட்சியைப் பாருங்கள். மாடிக் குடியிருப்பின் சொந்தக்காரன் கமலேஷ். அவன் அறையிலிருந்து உடையைச் சரிசெய்துகொண்டு புறப்படுகிறான் கட்டடத்துக் காவல்காரன், கையில் கூலியோடு. கமலேஷுக்குப் பெயர் உண்டு, நண்பர்கள் உண்டு, துக்கம் உண்டு. காவல்காரனுக்குப் பெயரே இல்லை! அவன் எந்த ஊர்? யாரை நேசித்தான்? யாரும் கேட்பதில்லை. மாடியில் நடப்பது காதல் விவாதம்; வாசலில் நிற்பது கூலிக்கு வந்த உடம்பு.

அதே தத்தானி பி.பி.சி. வானொலிக்கு எழுதிய, 1999-ல் ஒலிபரப்பான 'செவன் ஸ்டெப்ஸ் அரவுண்ட் தி ஃபயர்' ஒரு படி மேலே போகிறது. மந்திரி மகனை ரகசியமாக மணந்த திருநங்கை கமலா எரித்துக் கொல்லப்படுகிறாள். லாக்கப்பில் அடைபடுவது யார்? இன்னொரு ஏழைத் திருநங்கை! மந்திரி வெளியே நிற்கிறார், வழக்கு அமுக்கப்படுகிறது. வெறுப்பின் பின்னால் பணமும் பதவியும் இருப்பதை இந்த நாடகம் மறைக்கவில்லை.

நம் கடமை

சட்டம் மாறிவிட்டது, வயிறு மாறவில்லை. கதவைச் சாத்திக்கொள்ளச் சொந்த அறை உள்ளவன் தப்பித்துக்கொள்வான். ஆலை விடுதியில் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கும் தொழிலாளிக்கு ஏது கதவு? விஷயம் தெரிந்தால் மேஸ்திரி வேலையைப் பறிப்பான். ஊர் குடிசையைப் பறிக்கும். பணக்காரனுக்கு வம்புப் பேச்சாகப் போவது ஏழைக்குப் பட்டினியாக வருகிறது. இதுவா பணக்காரப் பிள்ளைகளின் பிரச்சினை?

நம் கலை இரவுகளிலும் ஒரு கேவலம் இருக்கிறது. இடுப்பை ஆட்டி, குரலைக் குழைத்து ஒருவன் வந்தால் கூட்டம் சிரிக்கும் என்று எழுதுகிறோமே, அந்தச் சிரிப்பு யாரைக் குத்துகிறது? பக்கத்துத் தறியில் வாய்மூடி நிற்கும் நம் தோழனையே குத்துகிறது.

அந்தக் கோமாளி வேஷத்தை இன்றே கழற்றி எறிவோம்! மாடி வீட்டு நாடகாசிரியன் வந்து காவல்காரனுக்குப் பெயர் வைப்பான் என்று காத்திருக்க வேண்டாம். அவன் கதையைத் தெருமுனையில் நாமே ஆடுவோம். சிரிப்பாக அல்ல, சாவாக அல்ல. கூலியும் மானமும் கேட்டு நிமிர்ந்து நிற்கும் மனிதனாக!