செய்திப் பெட்டிக்குள் புதிய குமாஸ்தா

ஓசூர் சிப்காட் வட்டாரத்தை விடியற்காலையில் சென்று பார்ப்பவர்கள் ஒரு காட்சியைக் காணத் தவறமாட்டார்கள். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஆணும் பெண்ணும் கைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பொழுதுபோக்குக்காக என்று எண்ணிவிட வேண்டாம். இன்று எந்த ஷிப்ட், ஓ.டி. உண்டா இல்லையா, யார் வரவேண்டாம் என்பதெல்லாம் பல இடங்களில் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது. ஆலை வாயிலில் தொங்கிய அறிவிப்புப் பலகை தொழிலாளியின் சட்டைப் பைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பதிலும் அதிலேயேதான் போகிறது: "குழந்தைக்குக் காய்ச்சல் சார், இன்று லீவு வேண்டும்."

இந்தப் பெட்டிக்குள்தான் இப்போது ஒரு புதிய குமாஸ்தாவைக் கொண்டுவந்து அமர்த்துகிறார்கள். செயற்கை நுண்ணறிவு உதவியாளன் என்று அதற்குப் பெயர். அலுவலகக் கணினியில் வாட்ஸ்அப்பைத் திறந்து, அதனோடு இவனை இணைத்துவிட்டால், வந்த செய்திகளைப் படிப்பான், சுருக்கித் தருவான், சொன்னால் பதிலும் அனுப்புவான். பத்துப் பேர் வேலை செய்யும் லேத் பட்டறையின் முதலாளி, தாமே கணக்கர், தாமே காவலர் என்று திண்டாடுகிறவர், இந்த உதவியை வேண்டாம் என்பாரா? மாட்டார். அவரைக் குறை கூறவும் நாம் தயாராக இல்லை. கருவியின் மீது நமக்குப் பகையில்லை; சாவி யார் கையில் என்பதே நமது கேள்வி.

இணைப்பு நடைபெறும் விதத்தைக் கவனியுங்கள். கைபேசியைக் காட்டி ஒரு கட்டக் குறியீட்டைப் படம் பிடித்தால், கணினி 'இணைந்த கருவி' ஆகிவிடும். உதவியாளனும் அந்த வழியாகவே உள்ளே நுழைகிறான். ஆப்பிள் கணினியிலோ இன்னும் விசேஷம்: செய்திகள் எல்லாம் ஒரே கோப்பில் கிடக்கின்றன, அதைப் படிக்க 'வட்டு முழுவதற்கும்' அனுமதி கேட்கப்படுகிறது. கடிதப் பெட்டியைத் திறக்கச் சாவி கேட்டவனிடம் வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுப்பது போல! செய்தி இரு முனைக்கும் நடுவே பூட்டப்பட்டே செல்கிறது என்று விளம்பரம் செய்கிறார்கள். மெய்தான். ஆனால் முனையிலேயே ஒருவன் உட்கார்ந்து படித்தால், நடுவழிப் பூட்டினால் என்ன பயன்?

வீண் அச்சம் என்று கூறுவோருக்கு ஒரு செய்தி. 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், வாட்ஸ்அப்போடு இணைக்கப்பட்ட இத்தகைய உதவியாளனை ஏமாற்றி, பழைய செய்திகளை அந்நிய எண்ணுக்கு அனுப்பவைக்க முடியும் என்று செய்து காட்டியது. வெளியிலிருந்து வரும் செய்திக்குள்ளேயே கட்டளையைப் புதைத்து வைக்கலாம். படிப்பது எது, கீழ்ப்படிவது எது என்று பிரித்தறியாத குமாஸ்தா அவன்.

நிறுவனத்தார் செய்ததையும் சொல்லவேண்டும். வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டா, தன் வணிகத் தளத்தில் பிறருடைய பொது உதவியாளர்களுக்கு இடமில்லை என்று 2025 அக்டோபரில் அறிவித்து, 2026 ஜனவரி 15 முதல் என்று நாளும் குறித்தது. தன்னுடைய உதவியாளனை மட்டும் உள்ளேயே வைத்துக்கொண்டது! 2025 டிசம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம் அதை நிறுத்தி வைக்கச் சொன்னது. நம் நாட்டுப் போட்டி ஆணையம், வேறொரு குற்றத்துக்காக, அதே மெட்டாவுக்கு 2024 நவம்பரில் 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்ததுண்டு. முன் வாசல் அடைபட்டால் மக்கள் பக்க வாசலைத் தேடுவார்கள். கணினி வழி இணைப்பு அந்தப் பக்க வாசல்.

இனி, நம் ஆளவந்தார் இயற்றிய சட்டத்துக்கு வருவோம். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் கேட்கவேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் அதன் 7ஆம் பிரிவிலே, வேலை தொடர்பான காரியங்களுக்கும், முதலாளியை நட்டத்திலிருந்து காப்பதற்கும் ஒப்புதல் வேண்டியதில்லை என்று ஒரு திட்டிவாசல் வைத்திருக்கிறார்கள். விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. முக்கியக் கடமைகளுக்கோ மேலும் பதினெட்டு மாதத் தவணை! காய்ச்சலுக்கு லீவு கேட்ட தாயின் செய்தியை, 'அடிக்கடி லீவு எடுப்பவர்' என்ற பட்டியலில் குமாஸ்தா சேர்த்தால், அந்தத் தாய் யாரிடம் முறையிடுவார்? சேர்த்தது அவருக்குத் தெரிந்தால் அல்லவா முறையிட! காண்ட்ராக்டர் மூலம் வந்தவருக்கு, நாளை முதல் வேலை இல்லை என்பதற்குக் காரணம்கூடச் சொல்லப்படுவதில்லை.

எல்லைப்புறத்துக்கென்று இன்னொரு தொல்லையும் உண்டு. அத்திப்பள்ளியில் கால் வைத்தால் கர்நாடகம். ஓசூர்த் தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒன்றாக நடமாடுகின்றன. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் விடுதிகளில் இருக்கிறார்கள். இவர்கள் எழுதுவது ஏட்டுத் தமிழோ ஏட்டுத் தெலுங்கோ அல்ல. ஆங்கில எழுத்தில், மூன்று மொழி கலந்த நடை. "வர்றேன் ஆனா லேட்" என்பதை "வரவில்லை" என்று அவன் சுருக்கிக் கொடுத்தால் போவது யாருடைய அரை நாள் கூலி? சூப்பர்வைசர் தவறாகப் படித்தால் அவரிடம் சண்டை போடலாம்.

ஆகவே நாம் கேட்பது பெரிதல்ல. உதவியாளன் படிக்கட்டும், பதிலை எழுதியும் வைக்கட்டும். அனுப்பும் பொத்தானை மனிதரே அழுத்தட்டும். தொழிலுக்கென்று தனி எண் இருக்கட்டும். முதலாளியின் வீட்டுப் பேச்சும் தொழிலாளியின் வீட்டுத் துயரும் ஒரே பெட்டியில் கலக்கவேண்டாம். குழுவில் இயந்திரம் படிக்கிறது என்பதை, குழுவில் உள்ளவர்கள் அறிந்த மொழிகளில் முதலிலேயே தெரிவிக்கட்டும். லீவு, ஓ.டி., வேலைநீக்கம் ஆகியவற்றை அதன் சுருக்கத்தை வைத்துத் தீர்மானிக்கக்கூடாது என்ற வரியை, கிருஷ்ணகிரி மாவட்டத் தொழிற்சங்கங்கள் அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சிலேயே மேசைமீது வைக்கவேண்டும். சங்கமே இல்லாத சிறு பட்டறைகளுக்கும், காண்ட்ராக்ட் தொழிலாளருக்கும் அந்த வரியை எழுதித் தரவேண்டியவர்கள் தொழிலாளர் துறையினர்.