எண் போட்டபின் கை வைக்காதீர்கள்



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் பெங்களூரிலிருந்து பேசினான். மென்பொருளை சர்வரில் ஏற்றும் வேலை. அதற்கான படிகளை ஒரு டெம்ப்ளேட்டாக எழுதிவைத்துப் பல குழுக்கள் பகிர்ந்துகொள்வார்களாம். யாரோ ஒருவர் தன் தேவைக்கு அதில் ஒரு வரியை மாற்ற, மற்ற குழுக்களின் வேலையும் நின்றுவிட்டது. விடிய விடியத் தூக்கமில்லை. "யார் மேலயும் தப்பில்ல சார், எல்லாருமே 'லேட்டஸ்ட்'னுதான் போட்டிருந்தோம்" என்றான்.

"அதுதானப்பா தப்பு" என்றேன். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

வளரறித் தேர்வுக்கு 40, தொகுத்தறித் தேர்வுக்கு 60 என்று மதிப்பெண் போட்ட காலம். கூட்டிக் காட்டும் எக்செல் தாள் ஒன்று செய்து, சக ஆசிரியர்களுக்குப் பென் டிரைவில் கொடுத்தேன். ஒருவர் நடுவில் ஒரு கட்டம் சேர்த்து, அதே பெயரில் சேமித்துவிட்டார். அடுத்த பருவத்தில் நானும் அதையே எடுத்துப் போட்டேன். 20 மதிப்பெண் கூட்டலில் விழவில்லை. அட்டை வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அதற்குள் ஒரு பிள்ளை அப்பாவிடம் அடி வாங்கிவிட்டாள். மன்னிப்புக் கேட்டேன். வாங்கிய அடி வாங்கியதுதானே?

எண் போட்டால் மட்டும் போதுமா? போதாது. கிட்ஹப்பில் 23,000-க்கும் மேற்பட்ட திட்டங்கள் பயன்படுத்திய 'டிஜே-ஆக்சன்ஸ்' என்ற பொதுக் கருவியில் 2025 மார்ச்சில் ஒருவர் ஊடுருவி, பழைய பதிப்பு எண்களையே கெட்ட நிரலின் பக்கம் திருப்பிவிட்டார். எண் அதே, உள்ளே சரக்கு வேறு. எண்ணுக்குப் பதிலாக 40 எழுத்துக் கமிட் அடையாளத்தை முன்பே எழுதிவைத்திருந்தவர்கள் தப்பினார்கள். அது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படுவது. சரக்கு மாறினால் அடையாளமும் மாறிவிடும்.

"அப்படிக் கட்டிப்போட்டால் திருத்தங்கள் வராதே?" என்பீர்கள். வரும். நீங்கள் படித்து, சோதித்து, எண்ணை மாற்றும் அன்று வரும். 2.4.1 என்றால், கடைசி எண் மாறினால் பிழைத் திருத்தம். நடு எண் மாறினால் புது வசதி. முதல் எண் மாறினால் பழையது ஓடாமல் போகலாம். இது கொடுப்பவர் தரும் வாக்கு.

ஆகவே கொடுப்பவர்கள், வெளியிட்ட பதிப்பைத் தொடாதீர்கள். மாற்றினால் புது எண் போட்டு, மாறியது என்ன என்று இரண்டு வரி எழுதுங்கள். எடுப்பவர்கள் 'லேட்டஸ்ட்' என்று எழுதாதீர்கள்.

இந்த வேலையில் இருக்கும் பிள்ளைகள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். நான் சொன்னதில் பிழை இருந்தால் தயங்காமல் திருத்துங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்